நூற்றிருபத்து நான்கும் நாற்பத்தைந்தும்

ராத்திரி இரண்டரைக்கு
மாடியில் வாடிக் கிடந்த கொழுந்து
துணிக்குழாய் வழியாகக் கீழே விழும்.
ரோலர் சுற்றத் தொடங்கும்.
நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று.
எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.
சுவரில் எண்ணெய் குடித்த பலகையும்
அதையேதான் சொல்கிறது.

தொப்பிக்குள் ஒரு காதில்
பிரெஞ்சு ஹவுஸ்.
மற்றக் காது மெஷினுக்கு.
பெயரிங் முனகினால் கேட்க வேண்டும்,
அந்தக் காதுக்குத்தான் சம்பளம்.

பென்டிரைவ் நானுஓயா ஸ்டேஷன் பெஞ்சுக்கடியில் கிடந்தது.
பதினொரு பாட்டு.
ஒன்றுக்கும் பெயரில்லை, நம்பர்தான்.
ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன், யாரும் தேடி வரவில்லை.
பெயர்களை நானே வைத்தேன்.

மூன்றாவது, சிங்கமலைச் சுரங்கம்.
நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டு
திடீரென்று கம்பளிக்குள் போய்விடும்.
வயலின் போகும், கைதட்டு போகும்,
அடி மட்டும் நெஞ்செலும்பில் நிற்கும்.
கொட்டகலைப் பக்கமிருந்து அட்டனுக்கு ரயிலில் போனவர்களுக்கு
விளக்கத் தேவையில்லை.
இருட்டு, டீசல் புகை,
பெட்டிக்குப் பெட்டி பிள்ளைகளின் கூச்சல்.
ஓரத்தில் வெள்ளையாக ஒரு கீறல்.
அப்புறம் ஒரேயடியாக
எல்லாம்.
ஆயிரம் தடவை போனாலும் பிள்ளைகள் கத்துவார்கள்.
எனக்கு முப்பத்தி நாலு வயது.
உள்ளுக்குள் கத்துகிறேன்.

ஆறாவது, பாதிச் சொல்.
எவளோ ஒருத்தி, எந்த ஊரோ,
எழுபதுகளில் ஒரு டிஸ்கோவுக்காகப் பாடியது.
பிறகு வந்த ஒருவன் அதில் இரண்டு விநாடியைக் கத்தரித்து
ஆறரை நிமிடம் சுழற்றுகிறான்.
வாயைத் திறக்கிறாள்,
'ல' வருகிறது,
மறுபடி வாயைத் திறக்கிறாள்.
லவ் என்று முடியும் என்கிறேன் நான்.
'லீவு' என்கிறான் டிரையர் மரியசூசை.
பத்து நாளாக டீமேக்கரிடம் கேட்டுக்கொண்டிருப்பவன்,
அவனுக்கு அப்படித்தான் கேட்கும்.

ஒன்பதாவதுக்குப் பெயர் வைக்கவில்லை.
மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவு
மூன்று லயத்துச் சனமும் ஸ்கூல் ஹாலில்.
மேசைகளை அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தோம்.
தகரத்தில் மழை, அதற்குத் தாளமே கிடையாது.
சதானந்தி தூங்கவில்லை.
இயர்போனில் ஒன்றை நீட்டினேன்.
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு,
"இது ஏன் முடியவே மாட்டேங்குது?" என்றாள்.
முடிந்தது.
நான்தான் மறுபடி போட்டேன்,
அவளுக்குத் தெரியாமல்,
நாலு தடவை.
விடிந்தபோது மலை இருந்த இடத்திலேயே இருந்தது.
எங்களுக்குள் பேச்சு அதற்குமேல் போகவில்லை.

இப்போது சிஃப்டிங் ரூமில் இருக்கிறாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
வாயில் துணி கட்டி, புருவமெல்லாம் தூளாக.

லயத்தில் பிறந்தவனுக்கு
லயம் சொல்லித்தர வேண்டாம்,
ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
பழைய எடைச் சிட்டையின் பின்பக்கத்தில்.
ஒன்பதாவது பாட்டு
நிமிடத்துக்கு நூற்றிருபத்து நான்கு அடி.
ரோலர் நாற்பத்தைந்து.
ஒன்று முந்தும், ஒன்று இழுக்கும்,
சேராத புருஷன் பெண்சாதி மாதிரி
ஒரே வீட்டுக்குள் தனித்தனி நடை.
எங்கேயும் வகுபடாது.
பேனாவை வைத்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் தெரிந்தது:
நிமிடத்துக்கு ஒரு தடவை,
ஒரே ஒரு தடவை,
பித்தளைத் தட்டு திரும்பி வருவதும்
பாட்டின் அடி விழுவதும்
ஒன்றாக விழுகின்றன.

அதற்காகக் காத்திருக்கிறேன், ஷிஃப்ட் முழுக்க.
விழும்போது குதிகால் தானாக எழும்பும்.

நேற்று அந்த நொடியில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஈர்க்குமாறு ஒரு தடவை
தரையைத் தட்டாமல் நின்றது.
அவள் காதில் ஒன்றுமில்லை. பார்த்தேன்.
தற்செயலாக இருக்கலாம்.
அடுத்த நிமிடத்துக்கு
அறுபது விநாடி இருந்தது.

டார்ச்சோடு வந்த டீமேக்கர்
முழங்காலுக்குக் கீழே வெளிச்சம் அடித்தார்.
"காலில என்ன?"

"அட்டை, சேர்."